பச்சைப் பொத்தான்

அத்தியாயம் 14

போன வாரம் நம் டிக்கம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள், கையிலிருந்த பேனாவைப் பார்த்ததும் முகம் வெளுத்து நின்றாள். அப்படி அதில் என்ன பார்த்தாள் என்று கேட்டு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. மசக்கையா என்று கேட்டிருந்த வாசகிக்கு மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன்: இல்லை அம்மா, விஷயம் அதைவிடச் சிக்கல்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. டிக்கம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சீனியர் உதவியாளர். வேலையையும் பார்த்துக்கொண்டு ஆடிட்டர் பரீட்சையின் இறுதிக் கட்டத்தை ஏழாவது முறையாக எழுதியிருக்கிறாள். ஆறு முறை ஃபெயில் ஆனவளின் முகமா இது என்று சந்தேகம் வரும்படி நிமிர்ந்து நடப்பாள். சரிபார்த்த ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு டிக் போடுவது அவள் அலுவலக வழக்கம். அவள் கை படாத தாளே அங்கே கிடையாது என்பதால், அவள் இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

அதற்காகவே அவளிடம் ஒரு நாலு கலர் பேனா உண்டு. நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று தலையில் நாலு பொத்தான்கள். எழுத நீலம், டிக் போடப் பச்சை. கட்டைவிரல் தானாக மாற்றிக்கொள்ளும், மூளையைக் கேட்காது.

பரீட்சை ஹாலிலும் அது மூளையைக் கேட்கவில்லை.

கடைசிக் கணக்கை முடித்தபோது இருபது நிமிஷம் மீதி இருந்தது. மற்றவர்கள் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, டிக்கம்மா சாவகாசமாக முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிச் சரிபார்த்தாள். அலுவலகத்தில் செய்வதைப் போலவே. பஸ் நிறுத்தத்துக்கு வந்து பேனாவைப் பைக்குள் போடப்போனபோதுதான் பார்த்தாள், பச்சைப் பொத்தான் கீழே அமுங்கியிருந்தது.

விடைத்தாளில் நீலமும் கறுப்பும் மட்டுமே. பச்சை, திருத்துகிறவர்களின் நிறம். மாணவர் கையிலிருந்து பச்சையில் ஒரு புள்ளி வந்தாலும், திருத்துகிறவருக்குக் கொடுத்த ரகசிய அடையாளமோ என்று சந்தேகப்படுவார்கள். தாளை ரத்து செய்யலாம். ஒரு தாள் போனால் நாலு தாளும் போச்சு.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம், இட்ட அடி பிசகாமல், வேலைக்குப் போனாள், வந்தாள், சிரித்தாள். இன்று ரிசல்ட்.

*

"ரெண்டு பரீட்சை நம்பரும் மனப்பாடம்," என்றான் அவள் கணவன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "பதினோரு மணிக்கு நானே பாத்து நானே சொல்லுவேன். யாரும் முந்திக்கக் கூடாது."

ஏசி மெக்கானிக். கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டபடியே மனைவிக்கும் தங்கைக்கும் கேள்வி கேட்டுக் கேட்டு, தேய்மானச் சட்டம் அவனுக்கே தலைகீழ்ப் பாடம். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஃப்ரிட்ஜின் ஆயுளைப் பற்றி அவன் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு அந்த மனிதர் இன்னும் தெளியவில்லை.

இரண்டாவது நம்பர் அவன் தங்கையுடையது. இருபத்தைந்து வயது, அண்ணியின் அலுவலகத்திலேயே பயிற்சி, இதுதான் முதல் முயற்சி. ஐந்தடி எட்டங்குல உயரம். வீட்டில் பெயர் பொடிசு.

பொடிசு ரொட்டியைத் தொடவில்லை.

"என்னடி, விரதமா?" என்றாள் டிக்கம்மா.

"பசிக்கல அண்ணி."

"உனக்கா? பரீட்சைக்கு முன்னாடி நாலு முட்டை சாப்பிட்ட ஆளு நீ."

"அது பரீட்சை. இது ரிசல்ட்."

சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பயந்துபோயிருக்கிறாள் என்று டிக்கம்மா நினைத்தாள். தன் பயத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு அடுத்தவள் பயத்தைத் துருவிப் பார்க்க நேரமில்லை.

*

அன்றைக்கு வேலை, குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் சரக்கு எண்ணுவது. தகரக் கூரை, வரிசை வரிசையாக அட்டைப்பெட்டிகள், மூலையில் சுவரோரமாகப் பிரித்து வைத்த பத்துப் பன்னிரண்டு கழிப்பறைப் பீங்கான்கள். கிடங்குக்காரர் உட்கார நாற்காலி இல்லை என்று அவற்றைக் கைகாட்டினார். இருவரும் நின்றுகொண்டே வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும், சொன்னவர் மறுபடி வந்து பார்த்து டிக் போட வேண்டும். எழுதின கை டிக் போடக் கூடாது என்பது டிக்கம்மா அந்த அலுவலகத்தில் கொண்டுவந்த சட்டம். அந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான் பரீட்சை ஹாலில் மீறியிருந்தாள்.

"வாஷ்பேசின், வெள்ளை, நாப்பத்தாறு," என்றாள் பொடிசு.

"நாப்பத்தாறு. டிக் போடு."

பொடிசு பென்சிலால் டிக் போட்டாள்.

"பேனா எங்க?"

"இருக்கு."

"நான் வாங்கிக் கொடுத்தது எங்கன்னு கேட்டேன்." அலுவலகத்தில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் டிக்கம்மா அதே நாலு கலர் பேனாதான் பரிசு கொடுப்பாள்.

"தொலைஞ்சுபோச்சு அண்ணி," என்றாள் பொடிசு, அடுத்த வரிசைக்கு நடந்துகொண்டே. "குழாய், நீளக் கழுத்து, நூத்தி இருபது."

பதினொன்று அடித்து மூன்று நிமிஷத்தில் டிக்கம்மாவின் போன் அடித்தது.

"பாஸ்," என்றான் மெக்கானிக். பின்னால் ஏதோ ஏணி சரிகிற சத்தம். "நாலு தாளும். மொத்தம் எரநூத்தி நாப்பத்தொண்ணு. ஏய், கேக்குதா? ஆடிட்டரம்மா, கேக்குதா?"

கேட்டது. ஏழு முறை எழுதி, ஏழாவது முறையாவது கேட்க வேண்டும் என்று காத்திருந்த அந்த ஒரு சொல், தகரக் கூரைக்குக் கீழே, குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவே, அவள் காதில் விழுந்தது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று பீங்கானிலேயே உட்கார்ந்துவிட்டாள். பச்சையை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. மெக்கானிக் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

"பொடிசு நம்பர்?" என்றாள்.

அந்தப் பக்கம் ஏணியை நிமிர்த்தி வைக்கிற சத்தம். "அவளோடதுல மார்க் வரல. நிறுத்தி வைக்கப்பட்டதுன்னு இருக்கு. அப்படின்னா என்ன? நெட் கோளாறா?"

நெட் கோளாறு இல்லை என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். பொடிசு பெட்டிகளில் சாய்ந்து நின்று தன் போனைப் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் டிக்கம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி வந்திருக்கு?"

பொடிசு படித்துக் காட்டினாள். "உங்கள் நான்காம் தாளில் விதிக்குப் புறம்பான குறிகள் காணப்படுகின்றன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். ஆதாரம் இருந்தால் முன்னதாக எழுத்தில் அனுப்பவும்."

"என்ன குறி?"

"டிக்."

"என்ன கலர்?"

கேட்கும்போதே டிக்கம்மாவுக்கு விடை தெரிந்துவிட்டது.

"நீங்க சொல்லிக் கொடுத்த கலர்தான் அண்ணி," என்றாள் பொடிசு. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தப்பா சொல்லல. கை பழகிடுச்சு. எழுதி முடிச்சேன், நேரம் இருந்துச்சு, முதல்ல இருந்து டிக் போட்டுக்கிட்டே வந்தேன். வெளிய வந்துதான் பாத்தேன். பேனாவை அப்பவே குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களாலதான்னு நீங்க வருத்தப்படுவீங்க. உங்களுக்கு ஏழாவது தடவை. ரிசல்ட் வர்ற வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டிக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கிடங்குக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பாஸ் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்.

"சிரிக்கிறீங்க," என்றாள் பொடிசு, கண் கலங்கி. "என் வருஷம் போச்சு, நீங்க சிரிக்கிறீங்க."

டிக்கம்மா பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள். கட்டைவிரலால் பச்சைப் பொத்தானை அமுக்கிக் காட்டினாள்.

"நானும்தான்டி. அதே நாள், அதே தாள். பக்கத்துக்குப் பக்கம் டிக்."

பொடிசுக்கு அது உறைக்கச் சில வினாடி ஆயிற்று. ஒரே மேஜையில், இரண்டு மாதம், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதே பயத்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அப்ப உங்களுது எப்படிப் பாஸ் ஆச்சு?" என்றாள் கடைசியில்.

"என் தாளைத் திருத்தினவர் கண்ணுல படல. இல்ல, பட்டும் விட்டுட்டார். அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

பாஸ் என்ற சொல்லை டிக்கம்மா அனுபவிக்கக் கிடைத்தது நாலு நிமிஷம்.

*

மத்தியானம் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைதட்டினார்கள். பெரிய ஆடிட்டர் தன் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். முதலாளி எழுந்து வருவது அந்த அலுவலகத்தில் தீ விபத்துக்கு மட்டும்தான். வாசலில் பெயர்ப்பலகை எழுதுகிற பெயிண்டர் அலுவலகப் பலகையை மாதிரிக்காக டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"உன் பலகைதான்," என்றார் பெரிய ஆடிட்டர். "முதல் தேதி கிளை திறக்கறோம். அங்க நீதான் பொறுப்பு. பேருக்குப் பின்னாடி பட்டத்தோட எழுதச் சொல்லியிருக்கேன்."

அந்தக் கிளைக்காகத்தான் அவள் ஏழாவது முறை உட்கார்ந்தாள். பட்டம் இல்லாதவர் கிளைக்குப் பொறுப்பு ஏற்க முடியாது, அது சட்டம். டிக்கம்மா அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"நீ அந்தப் பக்கமே போகாதே," என்றார். "நம்ம கிளையண்ட்டுக்கு நாம என்ன சொல்லுவோம்? கேட்டதுக்கு மட்டும் பதில். உன்னை யாரும் எதுவும் கேக்கல. அந்தப் பொண்ணுக்கு நான் லெட்டர் தரேன். பச்சை டிக் எங்க ஆபீஸ் பழக்கம், கை தவறிப் போட்டுட்டான்னு."

"சார், ஒரு கிளையண்ட் வந்து, இது எங்க பழக்கம்னு ஒரு லெட்டர் மட்டும் நீட்டினா நீங்க ஒத்துக்குவீங்களா?"

"மாட்டேன். ஆபீஸ் தாள் நூறு காட்டினாலும் ஒத்துக்க மாட்டேன். கேள்வி பரீட்சைத் தாளைப் பத்தி. அங்கயும் கை அப்படித்தான் போகும்னு காட்ட ஒரு சாம்பிள் கேப்பேன்."

"சாம்பிள் நான்தான் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அதே ஆபீஸ், அதே பேனா, அதே டிக். என் தாளை எடுத்து அவ தாள் பக்கத்துல வெச்சா யாருக்கும் விளங்கிடும், இது அடையாளம் இல்ல, பழக்கம்னு. அது இல்லாம அவ என்ன சொன்னாலும் வாய்வார்த்தைதான். பேனாவையும் தூக்கிப் போட்டுட்டா."

"இல்ல, ரெண்டு பேரும் பேசி வெச்சு அடையாளம் போட்டாங்கன்னும் விளங்கலாம். அப்ப ரெண்டும் போகும்." அவர் குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "முதல் தேதிக்குள்ள உன் பேருக்குப் பின்னாடி பட்டம் இல்லைன்னா கிளையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். அது என் கையில இல்லைம்மா. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்."

பொய். யோசிக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்ட பிறகு அது உண்மையாகிவிட்டதை அவளே உணர்ந்தாள். வெளியே வந்தபோது பெயிண்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பட்டத்தோட எழுத்து எப்படி வரும்மா?"

"சாயந்தரம் போன் பண்ணுங்க," என்றாள்.

*

ஐந்து மணிக்கு வீட்டு மேஜையில் ஒரு கேக் இருந்தது. ஒன்றுதான்.

"ரெண்டு வாங்கினேன்," என்றான் மெக்கானிக். "பொடிசோடதை ஃப்ரிட்ஜில வெச்சிருக்கேன். வியாழக்கிழமை வரைக்கும் கெடாது. அது நான் சரி பண்ணின ஃப்ரிட்ஜ்."

டிக்கம்மா கேக்கை ஓரமாக நகர்த்திவிட்டு வெள்ளைத்தாளை விரித்தாள். என்ன எழுதப்போகிறாள் என்று சொன்னாள். அவன் முகத்திலிருந்த கொண்டாட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எனக்குப் பிடிக்கல," என்றான். "ஒருத்தியாவது கரை சேந்தாளேன்னு இருந்தேன். ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். அதுக்காக ரெண்டு பேரையும் தண்ணில தள்ள முடியுமா?"

"அண்ணி, அண்ணன் சொல்றதுதான் சரி," என்றாள் பொடிசு. "எனக்கு இது முதல் தடவை. மறுபடி எழுதிக்கறேன். உங்களால இன்னொரு தடவை முடியாது."

"ஏன் முடியாது? ஆறு தடவை முடிஞ்சுதே."

"விளையாடாதீங்க."

"நான் விளையாடல. நீ மறுபடி எழுதலாம். ஆனா திருட்டு அடையாளம் போட்டவன்னு உன் பேரு பக்கத்துல நிக்கும். அதை எந்தப் பேனாவாலயும் அழிக்க முடியாது. நீ போட்டது என் டிக்கு. உனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தது நான், அப்படிப் போடுன்னு சொன்னது நான். அதுல நான் பாஸ், நீ திருடியா? அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரல."

பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள். மெக்கானிக் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். நாலு தடவை ஸ்க்ரூடிரைவரைக் கையில் சுழற்றினான்.

"நீ எழுதாம விட்டாலும் ஒண்ணு நடக்கும்," என்றான் திரும்பாமலே. "அந்தக் கிளையில உக்காந்து ஒவ்வொரு கையெழுத்து போடும்போதும் உனக்கு வேர்க்கும். நான் எத்தனை டன் ஏசி மாட்டினாலும் நிக்காது. எழுது."

அவள் எழுதினாள். நீலத்தில், பதினோரு வரி. அலுவலக வழக்கம் இன்னது, பேனா இன்னது, அதே அறையில் அதே பரீட்சையில் நானும் அதே குறிகளைப் போட்டிருக்கிறேன், என் தாளைச் சோதித்துப் பார்க்கலாம், வியாழக்கிழமை பேனாவோடு நானும் வருகிறேன். கீழே ஆதாரம் என்று எழுதித் தன் பரீட்சை எண்ணை எழுதினாள். அந்த ஏழு இலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

பிறகு கட்டைவிரல் பழக்கப்படி பச்சைப் பொத்தானுக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். கடிதத்தைப் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு, பேனாவைப் பொடிசிடம் நீட்டினாள்.

"நம்ம ஃபைலுக்கு இந்தத் தாள். எழுதின கை டிக் போடக் கூடாது. நம்பர் சரியான்னு பாத்துப் போடு."

பொடிசு ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். ஏழாவதை இரண்டு முறை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "என்ன கலர்ல?"

"நம்ம கலர்லதான்."

பச்சையில் ஒரு டிக் விழுந்தது. கோணலாகத்தான் விழுந்தது, டிக்கம்மா குறை சொல்லவில்லை. அப்போது போன் அடித்தது. பெயிண்டர்.

"பலகை தயாரும்மா. பேரை எழுதட்டா? பட்டத்தை எப்படிப் போடணும்?"

"பேரை எழுதுங்க," என்றாள் டிக்கம்மா. "பின்னாடி இடம் விட்டு வைங்க. வியாழக்கிழமை சொல்றேன்."

"எவ்வளவு இடம்மா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். பொடிசு இன்னும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பட்டத்துக்கு வேண்டிய இடம். அப்புறம் கீழே ஒரு வரி முழுசா விடுங்க. இன்னொரு பேரும் வரும்."